பூனைக் கணக்கு

ஆவுடைச்செல்வியின் அறையை ஏழாவது தடவையாகக் கிரேன் தூக்கியபோது, அவள் கீழே ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளிக்குள் தேங்காயெண்ணெய் பாட்டில், ஒரு கண்ணாடி டம்ளர், கோமதியம்மன் படம். அறை நகரும் நாளில் உடையக்கூடியதையும் கொட்டக்கூடியதையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். கட்டிலும் மேசையும் கொடியில் காயும் துணியும் அறையோடு சேர்ந்தே வானத்தில் போகும்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அறை மெல்லச் சுழன்று, வேங்கை வரிசையைத் தாண்டி, மருத வரிசையின் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் மலை.

எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாளோ. "போல்ட்டு முறுக்கியாச்சு. ஏறிக்கோ" என்று காதருகே குரல் கேட்டுத் திடுக்கிட்டாள். கிரேன் ஓட்டும் முப்பிடாதி அக்கா. முப்பது வயதிருக்கும். எப்போது கிரேனை விட்டு இறங்குவாள், எப்போது பக்கத்தில் வந்து நிற்பாள் என்று யாருக்கும் தெரியாது.

"அக்கா, இதுக்கு மேல எங்க தள்ளும்?"

முப்பிடாதி வேலியைப் பார்த்தாள். "இதுக்கு மேல எடம் இல்ல. மூணு வாரம் பாக்கும். பொறவு லாரிதான்."

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பெண்கள் விடுதியில் செங்கல்லோ சிமெண்டோ கிடையாது. ஆறே வருடத்தில் வளர்ந்துவிடும் மலைவேம்பைப் பலகையாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் செய்த முப்பத்திரண்டு பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு அறை. எட்டு அறைக்கு நடுவே ஒரு பொது அடுப்படி. மகிழம், புன்னை, வேங்கை, மருதம் என்று நான்கு வரிசைகள். போல்ட்டைக் கழற்றினால் எந்தப் பெட்டியும் தனியாக வந்துவிடும்; வேறு இடத்தில் செருகிக்கொள்ளலாம், வேறு கல்லூரிக்கே அனுப்பிவிடலாம். ஒரு பலகைகூட வீணாகாது.

கட்டியவர்கள் நல்லவர்கள். பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவது பாடம் ஏறாததால் அல்ல, பேச ஆளில்லாததால்தான் என்று அவர்கள் நம்பினார்கள். அதனால் தரைப் பலகைகளுக்குள் காலடியைக் கேட்கும் உணரிகளை வைத்தார்கள். யார் யார் அறைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கட்டடம் எண்ணிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, நடைபாதைச் சுவரிலிருக்கும் தொடுதிரைப் பலகையில் பட்டியல் வரும். சிநேகிதிகளின் அறைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். யாரோடும் பழகாதவளின் அறை ஓரத்துக்குப் போகும். அவளுக்கு அமைதி பிடிக்கும்போலிருக்கிறது என்று கட்டடம் எடுத்துக்கொள்ளும். ஓரத்திலும் பழகவில்லையென்றால், கூட்டு வாழ்க்கை அவளுக்குப் பொருந்தவில்லை, அந்தப் பெட்டி வேறொருத்திக்கு உதவட்டும்.

வந்த முதல் வாரமே பிள்ளைகள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் வந்தாள், யார் போனாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தண்டனை கொடுப்பதால்.

ஆவுடைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஜூன் மாதம் சேர்ந்த நாளிலிருந்து அவள் சாயங்காலம் தவறாமல் எஸ்தரின் அறைக்குப் போனாள். எஸ்தர் சுரண்டைக்காரி. கட்டை உடம்பு, பெரிய குரல், கணக்கு என்றால் மட்டும் கண்ணில் நீர். ஆவுடைக்கு வாய் எழும்பாது. ஆனால் கணக்குப் போடும்போது பேசத் தேவையில்லை, தாளைத் திருப்பிக் காட்டினால் போதும். அப்படியே ஷமீமாவும் வந்து உட்கார்ந்தாள். கடையநல்லூரிலிருந்து அவளுடைய உம்மா கொடுத்தனுப்பும் நெய்ச்சோற்றை மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்து தனக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று ஆவுடை நினைத்ததேயில்லை.

அப்படியிருக்கும்போது ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அறை எஸ்தர் பக்கத்திலிருந்து மூன்று இடம் தள்ளிப் போனது. அடுத்த வாரம் வேங்கை. நான்காவது நகர்வில் நடைபாதைப் பலகையில் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி வந்தது: 'தனிமை விரும்புபவர்.'

ஆவுடை அதைப் படித்துவிட்டு, அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். தினமும் போய் நின்றால் யாருக்குத்தான் சலிக்காது? முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாமல் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்று வாசனை நடைபாதை முழுக்க வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்றாள்.

வேலியோரம் வந்த மூன்றாவது வாரத்தின் வியாழக்கிழமை அப்பா கூப்பிட்டார். சங்கரன்கோவிலில் உரக்கடையில் வேலை பார்க்கிறவர். போனில் எப்போதும் இரண்டு வார்த்தைதான்.

"கடுதாசி வந்திருக்கு, செல்வி. 'தங்கள் மகள் கூட்டு வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை'ன்னு எழுதியிருக்காவ. என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலப்பா."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அடக்கமாத்தானட்டி இருக்க? சத்தம் போட்டுப் பேசுனியா? யாரையும் எதுத்துப் பேசிட்டியா?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்கு இப்படி எழுதுதாவ? வெளிய ரூம் எடுத்துத் தங்கல்லாம் விட முடியாது, சொல்லிட்டேன். போதும் படிச்சது. ஞாயித்துக்கிழம மத்தியானம் அப்பா வருவாவ. பெட்டியக் கட்டி வையி."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். துணிப்பெட்டியை. அவள் குடியிருந்த பெட்டியைக் கட்டுவதற்கு வெளியே லாரி வந்து நின்றிருந்தது.

பதினோரு மணி இருக்கும். நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது எஸ்தர் வருகிறாள் என்று. தரை தடதடத்தது. பின்னால் ஷமீமாவும் வந்தாள். எஸ்தர் வாசலில் நின்று ஒரு நோட்டை நீட்டினாள். ஆவுடையின் கணக்கு நோட்டு.

"இந்தா. ஓன் பொருளு எங்கிட்ட எதுக்கு?"

"நீயே வச்சுக்கோ, எஸ்தரு. பரிட்சை வருதுல்லா."

"ஒண்ணும் வேண்டாம். எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான தள்ளித் தள்ளிப் போயி, இப்ப ஊருக்கே போற? ஓன் நோட்டு மட்டும் எங்களுக்கு எதுக்கு?"

ஆவுடைக்கு முதலில் அது காதிலேயே ஏறவில்லை. "நானாவா போனேன்? நீங்கதான..."

"நாங்க என்ன செஞ்சோம்?"

"தெனமும் வந்து உக்காந்துக்கிடுதான்னு... சொன்னீங்கல்லா, மாமியாருகிட்ட."

எஸ்தர் ஷமீமாவைப் பார்த்தாள். ஷமீமா எஸ்தரைப் பார்த்தாள்.

"ஏளா, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் ஷமீமா. "மாமியாருகிட்ட யாருளா பேச முடியும்? அதுக்குக் காது தரையிலதான இருக்கு! ஆள் யாரு ரூமுக்கும் போகலன்னாத்தான் அது 'தனிமை'ன்னு போடும். நீயும் வரத நிறுத்துன. எங்ககூட இருக்கப் பிடிக்கலன்னு நாங்க நெனச்சோம். நெய்ச்சோறு அன்னைக்கிக் கதவத் தட்டப் போன என்ன, இவதான் பிடிச்சு நிறுத்துனா. தனியா இருக்க ஆசப்படுதவளத் தொந்தரவு பண்ணாதன்னு."

"யாரு ரூமுக்கும் போகலன்னாவா? அது போடுத வரைக்கும் தெனமும் வந்தனே."

"வந்தல்ல?" எஸ்தரின் குரல் இறங்கியது. "வந்த. ஒவ்வொரு நாளும் நாந்தான் ஒன் பக்கத்துல உக்காந்து ஒன்னத் திட்டிக்கிட்டே கணக்குப் போட்டேன்."

மூன்று பேரும் நடைபாதைப் பலகைக்குப் போனார்கள். எஸ்தர் தன் பெயரைத் தொட்டு ஜூலை மாதத்தை எடுத்தாள். 'உங்கள் அறைக்கு வந்தவர்கள்: ஷமீமா 26. பிறர் 9. ஆவுடைச்செல்வி 0.'

"பூஜ்யமா?" எஸ்தர் பலகையை அறையப் போனாள். ஷமீமா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி ஆவுட, அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வா பாப்போம்."

ஆவுடை போய்விட்டு வந்தாள். பலகையில் எண் மாறவேயில்லை. எஸ்தர் இரண்டே எட்டு வைத்தாள். 'எஸ்தர். மருத வரிசை' என்று உடனே வந்தது.

"இன்னொருக்க நட."

ஆவுடை நடந்தாள். இந்தத் தடவை பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி மின்னி மறைந்தது. ஷமீமா குனிந்து படித்தாள். "பூனை, மருத வரிசை."

விடுதியில் பூனையே கிடையாது.

"அந்தப் பூனையத்தான் நானும் வருசக்கணக்காத் தேடுதேன்."

எஸ்தர் அலறியே விட்டாள். முப்பிடாதி அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள், கையில் ஸ்பானரோடு.

"எப்பக்கா வந்திய? நெஞ்சே நின்னுபோச்சு!"

"இப்பத்தான். பூனை நடமாட்டம் ஜாஸ்தி, வலையடின்னு வாராவாரம் எனக்குச் சீட்டு வரும். எங்கல்லாமோ வலை அடிச்சிட்டேன். கருவாடுகூட வச்சுப் பாத்தேன். ஒரு பூனையும் வரல. ஜூலைல எஸ்தர் ரூமுக்குப் போற வழியில மட்டும் எரநூத்திப் பதினாலு தடவ. இப்ப ஒரு மாசமாத்தான் கொறஞ்சிருக்கு."

"அது பூனையில்லக்கா. இவ."

முப்பிடாதிக்குப் புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல இத ஆம்பளப் புள்ளைக விடுதியிலதான் பழக்குனாவ" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "அவனுவ தடதடன்னு நடப்பானுவ, ஓடுவானுவ. அந்தச் சத்தத்த வச்சுத்தான் ஆளுன்னா இவ்வளவு அதிரும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது. அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் காத்து, மழை, பூனை. எண்ண வேண்டாம், தள்ளிரு. அப்படித்தான் எழுதி வச்சிருக்காவ. நீ எப்படிம்மா நடக்க?"

ஆவுடை தன் கால்களைப் பார்த்தாள். எப்படி நடக்கிறோம் என்று யாராவது யோசிப்பார்களா? சங்கரன்கோவிலில் அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர். ஒரு கரண்டி விழுந்தால் படியேறி வந்துவிடுவார். நான்கு வயதில் அம்மா ஆரம்பித்தாள்: பூமி அதிராம நட. பொம்பளப் புள்ள அதிராம நட. ஆறு வயதில் அவளுக்கு அது கைவந்துவிட்டது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, விரலை முதலில் ஊன்றி, குதிகாலைக் கடைசியாக இறக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வாள், 'எம் மக நடந்தா பூனை நடந்த மாதிரி இருக்கும்.'

"எங்க அம்மா..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்திவிட்டாள்.

"எனக்கும் எங்க அம்மாதான்" என்றாள் முப்பிடாதி.

அப்போதுதான் ஆவுடை நடைபாதைப் பலகையைக் கவனித்தாள். 'மருத வரிசை நடைபாதையில் இப்போது: 2 பேர்.' எஸ்தர், ஷமீமா என்று இரண்டு பெயர்கள். நின்றதோ நான்கு பேர்.

"அக்கா... ஒங்களையும் அது எண்ணலயே?"

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே, சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"நானும் இங்க படிச்சவதான்" என்றாள். "விடுதி கட்டி மொத வருசம். மகிழ வரிசை, மூணாவது ரூமு. எங்க வரிசைல என்னத் தவிர ஏழு பேரு. நாங்க சேந்துதான் பொங்குவோம், சேந்துதான் துணி தொவைப்போம். திடீர்னு ஒரு வாரம் என்னத் தள்ளுச்சு. அப்படியே தள்ளித் தள்ளி, இந்தா, இந்த எடத்துலதான் கடைசியா இருந்தேன். ஏழு பேரும் சேந்து என்ன வேண்டாம்னு சொல்லிட்டாவன்னு நெனச்சேன். ஊருக்குப் போயி அத எப்படிச் சொல்ல? கிரேனுக்கு ஒத்தாசைக்கு ஆள் எடுத்தாவ. சேந்துட்டேன்."

முப்பிடாதி கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசம். அது சொல்லுதது சரியாத்தான் இருக்கும்னு, பத்தொம்பது புள்ளைக பெட்டிய இந்தக் கையால தூக்கி லாரியில வச்சிருக்கேன்." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரும் சத்தமில்லாத புள்ளைக."

எஸ்தர்தான் முதலில் தெளிந்தாள். "மணி பதினொண்ணு இருவது. இப்ப என்னக்கா செய்யணும்? நாங்க மாத்தி மாத்தி இவ ரூமுக்கு வாரோம். எண்ணிக்கிடட்டும்."

"அது செல்லாது. ராகிங் பண்ணக் கூட்டமா ஒருத்தி ரூமுக்குள்ள போனதையும் மொதல்ல அது சிநேகம்னு எண்ணிட்டு இருந்துச்சு. அதனால பொறவு மாத்திட்டாவ. இவளும் ஒன் ரூமுக்கு வரணும். ஒரு வாரத்துக்கு ஏழு தடவ. அதுக்கு முன்னாடி இவ காலடிய அது படிக்கணும். நாப்பது எட்டு நல்லா அதிர நடந்தாப் போதும். பன்னெண்டு மணிக்குள்ள."

"நாப்பது எட்டுதான? நடட்டி!"

ஆவுடை காலை உயர்த்தினாள். ஓங்கி வைக்க நினைத்தாள். தரையை நெருங்கும்போது முழங்கால் தானாக மடங்கியது. விரல் முதலில் ஊன்றியது. குதிகால் ஓசையில்லாமல் இறங்கியது. பலகை 'பூனை' என்றது.

"கோவத்தோட நட. யாரையாவது நெனச்சுக்கோ. மாமியாரு மண்டையில மிதிக்கேன்னு நெனச்சுக்கோ!"

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது, கால் வரவில்லை. ஷமீமா குதித்துக் காட்டினாள். எஸ்தர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். வேறு அறைகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பதினொன்றரை ஆயிற்று. பூனை, பூனை, பூனை. ஆவுடை நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"வரல எஸ்தரு. எனக்கு நடக்கவே தெரியல."

சுவரோரம் முப்பிடாதி அக்கா இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவள் இவர்களைப் பார்க்கவில்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பெயர்கள். பத்தொன்பது பெயர்கள். பாதியில் ஒரு பெயர் மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

ஆவுடை அந்த விரல்களையே பார்த்தாள். தனக்காக அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அது எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது. இது வேறு. வலது கால் உயர்ந்தது. தொம்மென்று விழுந்தது.

அடுப்படியில் ஒரு தட்டு சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அவளே பயந்துபோனாள். ஆனால் அடுத்த காலும் விழுந்தது. தொம். தொம். குதிகால் வலித்தது. பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது.

'புதிய காலடி. பெயர் என்ன?' என்று பலகை கேட்டது.

ஷமீமா அடித்துப் பிடித்துப் பெயரைத் தட்டினாள். மருதத்திலிருந்து புன்னைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், எஸ்தரின் அறையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒன்று. இரண்டு. நான்கு. ஆறாவது முடித்துத் திரும்பும்போது மணி பதினொன்று ஐம்பத்தாறு.

ஏழாவது தடவை புன்னை வரிசைப் படிக்கட்டருகே அப்பா நின்றிருந்தார். கையில் பழைய பயணப்பை, மூட்டை கட்டக் கயிறு. தலைவிரிகோலமாகத் தரையை மிதித்துக்கொண்டு வரும் மகளைப் பார்த்து வாய் பிளந்துவிட்டார்.

"செல்வி! என்ன இது? அதிராம நடம்மா!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. முழங்கால் மடங்கத் தொடங்கியது. பின்னால் வந்த எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றாள் ஆவுடை. காலை ஓங்கி வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் வந்தது. அவள் பெயருக்குக் கீழிருந்த வரி இல்லை. 'ஆவுடைச்செல்வி: புன்னை வரிசை, 5.' எஸ்தருக்கும் ஷமீமாவுக்கும் நடுவே.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைக்க நெய்ச்சோறும் ஒரு மணி நேரமும் தேவைப்பட்டன. "அப்ப கடுதாசில எழுதுனது பொய்யா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, "ஒங்க அம்மைகிட்ட எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

லாரி காலியாகத் திரும்பியது. இரண்டு மணிக்குக் கிரேன் அவள் அறையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. போல்ட்டு முறுக்க முப்பிடாதி அக்கா இறங்கி வருவாள் என்று ஆவுடை டீயோடு காத்திருந்தாள். வெகுநேரமாகியும் வரவில்லை. கிரேனடிக்குப் போனாள். மேலே கூண்டிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

"இலஞ்சி சுடர்மதியா? நான் விடுதியில கிரேன் ஓட்டுத முப்பிடாதி பேசுதேன்... ஆமாம்மா, அந்த அக்காதான். போன வருசம் ஒன் பெட்டிய... கேளு, வச்சிராத. ஒரே ஒரு விசயம்தான். ஒன்ன யாரும் வேண்டாம்னு சொல்லல, தாயி. ஓன் காலு சத்தம் கேக்கல. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் யாரோ அழுதிருக்க வேண்டும், முப்பிடாதி காத்திருந்தாள். பிறகு அடுத்த எண்ணைப் போட்டாள்.

ஆவுடை டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த சாயங்காலம், அவளும் எஸ்தரும் கணக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது மகிழ வரிசைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு எட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு எட்டு. இதுவரை அந்த நடைபாதையில் கேட்காத நடை. விட்டு விட்டு, தப்பும் தவறுமாக, மூன்றாவது அறையின் வாசல் வரைக்கும் போனது, திரும்பியது, மறுபடியும் போனது. டம்ளரிலிருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

ஆவுடை எழுந்து ஓடினாள். மகிழ வரிசை நடைபாதையில் முப்பிடாதி அக்கா செருப்பில்லாமல், மூச்சு வாங்க நின்றிருந்தாள். பலகையில் எழுத்து வந்திருந்தது.

'புதிய காலடி. பெயர் என்ன?'

ஆவுடை தட்டப் போனாள்.

"இரு" என்றாள் முப்பிடாதி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "நானே போடுதேன்."